வேலியில் நாலாவது வெட்டு

"அந்த மெஷினை நான் பாக்கணும்."

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாயைத் திறந்ததும் அவளுக்கு முதலில் வந்தது அதுதான்.

கான்ட்ராக்டரின் கையில் உருண்டுகொண்டிருந்த பேனா நின்றது. அடுக்குமாடி வளாகத்தின் தரைக்கு அடியில், கார்கள் நிற்கும் தளத்தின் கடைசி மூலையில் இருந்தது அவருடைய அலுவலகம். ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு குழல் விளக்கு, அதுவும் இழுத்துக்கொண்டு கிடக்கிறவனின் மூச்சு மாதிரி விட்டு விட்டு எரிந்தது. சுவருக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் சொட்டியது.

"எந்த மெஷினும்மா?"

"நெட்டையைக் கொன்ன மெஷின்."

"கொன்னது மெஷின் இல்ல பாப்பா. அவன் மச்சான்."

"நான் பாப்பா இல்ல. மெஷின் எங்க?"

துப்பறியும் அலுவலகத்தில் அவளைப் பட்டதாரி என்றுதான் கூப்பிடுவார்கள். தன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் தான் என்பதை வேலைக்குச் சேரும்போது அவளே சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து அது பெயராகவும் ஒட்டிக்கொண்டது, கிண்டலாகவும் ஒட்டிக்கொண்டது. உறைக்காத மாதிரி சிரிக்க மட்டும் அவள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

அவளுக்குப் பின்னால் கதவில் சாய்ந்து நின்றவர் பிளக்கு. பதினைந்து வருடம் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். எது ஓடாவிட்டாலும் 'முதல்ல பிளக்கைக் கழட்டிப் பாருங்க' என்பார். மனிதர்களுக்கும் அதே வைத்தியம்தான். இப்போது அவளுக்கு உதவியாளர், ஓட்டுநர், படம் எடுப்பவர், எல்லாம்.

"அது டீலரோட சாம்பிள் மெஷின்மா," என்றார் கான்ட்ராக்டர். "போலீஸ் படமெல்லாம் எடுத்துட்டாங்க. நாலு மணிக்கு வண்டி வந்து எடுத்துட்டுப் போயிரும்."

"கொலை பண்ண ஆயுதத்தைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பறதை இப்பதான் சார் பாக்கறேன்," என்றார் பிளக்கு. "வாரண்டி இருக்கா?"

விவகாரம் ஐந்து நாள் பழையது. வளாகத்தைச் சுற்றி அரைக் கிலோமீட்டர் செடிவேலி. பெட்ரோல் மெஷின்களின் சத்தமும் புகையும் தாங்கவில்லை என்று குடியிருப்பவர்கள் புகார் மேல் புகார் எழுத, பேட்டரி மெஷின் வாங்கலாம் என்று கான்ட்ராக்டர் இறங்கி வந்தார். டீலர் மூன்று சாம்பிள் கொண்டுவந்து கொடுத்தான். வேலியோரம் தரையில் பத்தடிக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு மெஷின் என்று பரீட்சை வைத்தார்கள். வெட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நெட்டைக்கு. இருபது வருடம் வேலி வெட்டியவன் அவன். மூன்றாவது மெஷினில் வெட்டும்போது கால் வழுக்கி அதன் மேலேயே விழுந்தான் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பதற்குள் போய்விட்டான்.

மெஷினின் முன் கைப்பிடி விசையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அதே டேப்பின் மிச்சச் சுருள் அவன் மனைவியின் தம்பியுடைய பையில் இருந்தது. அவனும் இதே வேலைக்காரன். மாமனும் மச்சானும் ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. போலீசுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நாளைக் காலை, கான்ட்ராக்டர் காசு கொடுத்துக் கேட்ட துப்பறியும் அலுவலகத்தின் அறிக்கையும் போய்ச் சேர்ந்துவிட்டால் தம்பிக்காரனின் கதை முடிந்தது.

காலையில் வளாகத்தின் கேட்டருகே நெட்டையின் மனைவி பட்டதாரியின் முழங்கையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். அழவில்லை. "புருஷனை அடக்கம் பண்ணியாச்சு. தம்பியை உசுரோட அடக்கம் பண்ணப் போறீங்க. அந்தக் காகிதத்துல எழுதறது நீதானாமே? அதான் உன் மூஞ்சியைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள்.

பெரிய சார் சொல்லி அனுப்பியது வேறு. விரலை ஆட்டி ஆட்டிப் பேசுகிற பெரிய சார், அலுவலகத்தின் முதலாளி. "மாமன் மச்சான் சண்டையைப் பத்திக் கேளு, எழுதிக்கோ, வா. மெஷினைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே. அது நமக்கு எதுக்கு?"

"காட்ட மாட்டேன்னு சொன்னார்னு எழுதிக்கறேன்," என்று நோட்டைப் பிரித்தாள்.

கான்ட்ராக்டர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார்.

இரண்டு பக்கமும் பல் வைத்த பிளேடு, ஒரு கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. துடைத்து வைத்த மாதிரி பளபளத்தது. பிளக்கு அதை வாங்கித் தூக்கிப் பார்த்தார். குழந்தையை எடை பார்க்கிறவர் மாதிரி ஒருமுறை மேலும் கீழும் ஆட்டினார்.

"மேடம், இங்க பாருங்க. பின்னாடி ஒரு விசை, வலது கைக்கு. முன்னாடி ஒரு விசை, இடது கைக்கு. ரெண்டையும் அமுக்கினாத்தான் பிளேடு ஓடும். ஒண்ணை விட்டாலும் நின்னுரும். கை பிளேடு பக்கம் போகக் கூடாதுன்னு அப்படி."

"அதைத்தான் அந்தப் பய டேப் போட்டுக் கட்டிட்டான்," என்றார் கான்ட்ராக்டர். "ஒத்தக் கையில ஓடற மாதிரி."

"சரிதான். முன் விசையைக் கட்டியிருக்கு. பின் விசையை?"

மேசைமேல் சார்ஜில் கிடந்த பேட்டரியை பிளக்கு தன் வீட்டுப் பொருள் மாதிரி எடுத்து மாட்டினார். பின் விசையை அமுக்கினார். பிளேடு சீறியது. விட்டார். நின்றது. இமை மூடித் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை. மறுபடி அமுக்கினார், விட்டார். மறுபடி நின்றது.

"என் பொண்டாட்டிகூட இவ்வளவு சீக்கிரம் நிறுத்த மாட்டா சார்."

பட்டதாரி சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல தொடையில பதினோரு வெட்டுன்னு இருக்கு. விழுந்தவன் விசையை விட்டிருந்தா ஒரு வெட்டு, மிஞ்சிப் போனா ரெண்டு. விடாம அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பதினோரு தடவை தன்னைத்தானே வெட்டிக்கிட்டானா?"

"பயத்துல இறுக்கியிருப்பான்."

"இருக்கலாம்." அவள் நோட்டை மூடினாள். கான்ட்ராக்டரின் தோள்கள் ஒரு விரற்கடை இறங்கின. அதற்காகத்தான் மூடினாள். "கடைசியில எந்த மெஷினை வாங்கறதா முடிவு பண்ணீங்க?"

இதற்குப் பதில் சொல்வதில் அவருக்குச் சந்தோஷம். இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "எல்லாம் முறைப்படி பண்ணியிருக்கேன்மா. நெட்டை சொல்லச் சொல்ல ஏணிதான் எழுதினான். ஏணின்னா எங்க ஆளு ஒருத்தன், குள்ளன்."

கோணல் எழுத்து, கட்டம் போட்ட தாள்.

'1. எடை கம்மி. பல்லுக்கு நடுவுல இடம் பத்தலை. தடிச்ச கிளை சிக்குது. பூச்செடிக்கு வேணா ஆகும்.

2. நீளம். ஒரு பக்கம்தான் பல்லு. நேர் வேலிக்கு நல்லது. திரும்பி வரும்போது சும்மா வரணும். நாள் பூரா தூக்கினா தோள் போயிரும்.

3. ரெண்டு பக்கமும் வெட்டுது. தடிச்ச கிளையும் போகுது. கை மரத்துப்போகலை. இதையே வாங்கலாம்.'

அவள் இரண்டுமுறை படித்தாள். பிறகு தாளை மேசைமேல் வைத்து, மூன்றாவது வரியில் விரலை ஊன்றினாள்.

"மூணாவது மெஷின்ல வெட்டிக்கிட்டு இருக்கும்போதுதானே செத்தார்?"

"ஆமா."

"அப்ப 'இதையே வாங்கலாம்'னு எப்பச் சொன்னார்?"

குழல் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. அந்த இருட்டுக்குள் கான்ட்ராக்டரின் முகம் மாறிவிட்டிருந்தது. அதுவரை இருந்த சலிப்பு போய், அவர் அவளை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். பாம்புப் புற்றின் மேல் தெரியாமல் உட்கார்ந்துவிட்டவளைப் பார்க்கிற பார்வை.

பிளக்கு தாளின் அடி விளிம்பைத் தடவினார். மேல் விளிம்பு நோட்டிலிருந்து கிழித்தது. அடி மட்டும் கத்தரியால் வெட்டியது. "உங்க ஆளுங்க வேலியைக்கூட இவ்வளவு நேரா வெட்ட மாட்டாங்க போல சார். கீழ இன்னொரு வரி இருந்துதா?"

"நீங்க கிளம்புங்க," என்றார் கான்ட்ராக்டர். "நான் உங்க பெரிய சார்கிட்ட பேசிக்கறேன்." அவர் கை ஏற்கெனவே போனில் இருந்தது.

அவர்கள் கிளம்பினார்கள். ஆனால் கேட்டுக்குப் போகவில்லை.

மேலே வானம் மூடிக்கொண்டு கிடந்தது. ஆளுயரத்தைத் தாண்டி ஓர் அடி எழுந்து நின்ற வேலி, தெருவின் சத்தத்தை வெளியிலேயே நிறுத்திவிட்டது. பால்கனிகளில் துணி உலர்ந்துகொண்டிருந்தது, ஆள் இல்லை. ஒரு திரைச்சீலை விலகி, மறுபடி மூடிக்கொண்டது.

"போலீஸ் மெஷினைப் பாத்துச்சு, டேப்பைப் பாத்துச்சு. வேலியை யாராவது பாத்தாங்களாண்ணே?"

"வேலி வாய் திறந்து பேசாதே மேடம்."

"எங்கப்பாகிட்ட பேசும்."

அவள் அப்பா பெட்ரோல் மெஷின் பிடித்தே அவளைப் படிக்க வைத்தவர். இப்போது அவர் விரல்களில் குளிர் தெரியாது, சூடும் தெரியாது. சட்டைப் பொத்தானைப் போட்டுவிட வேறு யாராவது வர வேண்டும். மழுங்கின பிளேடு இலையை வெட்டாது, கிழிக்கும். கிழிந்த நுனி அன்றைக்குப் பச்சையாகத்தான் இருக்கும், நாலு நாளில் கருகிக் காட்டிக்கொடுக்கும் என்று அவர் வீட்டில் புலம்பியது ஆயிரம் தடவை இருக்கும்.

சுண்ணாம்புக் கோடுகள் மங்கலாக இருந்தன. முதல் கட்டம், வழவழவென்று பச்சை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கட்டம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை முழுதாக, அழகாக வெட்டப்பட்டிருந்தது. பாதியில் நின்ற வேலை அல்ல.

மூன்றாவது கோட்டைத் தாண்டியதும் வேலியின் நிறம் மாறியது. ஐந்தடி தூரத்துக்கு ஒவ்வோர் இலையும் நுனியில் துருப்பிடித்த மாதிரி பழுப்பேறியிருந்தது. அப்புறம் சட்டென்று வெட்டே இல்லை. வெட்டு நின்ற இடத்தில், இடுப்புயரத்தில், தட்டளவுக்கு ஒரு வட்டம் முழுக்கக் கருகிச் சுருண்டிருந்தது.

பிளக்கு அதன் எதிரில் குனிந்தார். ஜோக் எதுவும் வரவில்லை.

"சைலன்சர் சூடு," என்றார். "மெஷின் வேலிக்குள்ள சொருகினபடி ரொம்ப நேரம் ஓடியிருக்கு. அவனை இழுத்துப் போட்டிருக்காங்க, மெஷினை அணைக்க யாருக்கும் தோணலை. பேட்டரி மெஷினுக்கு சைலன்சர் ஏது மேடம்? இது பெட்ரோல்."

"மூணு சாம்பிள். நாலு வெட்டு," என்றாள் அவள். "படம் எடுங்கண்ணே. ஒவ்வோர் இலையா எடுங்க."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

வேலியின் தூரத்து முனையில் ஒரு மெஷின் உறுமிக் கிளம்பியது. கருவண்டு போலத் தொடங்கி, தடித்து, நெருங்கியது. தலைக்கவசமும் முகத்தை மறைக்கும் வலையும் காதடைப்பானும் மாட்டிய ஓர் உருவம் வேலியைச் சீவிக்கொண்டு வந்தது. மேலும் பார்க்கவில்லை, கீழும் பார்க்கவில்லை. வெட்டின் அழகைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. முதல் கட்டம் போயிற்று. இரண்டாவது போயிற்று. இலைகள் கொத்துக் கொத்தாகக் காலடியில் விழுந்தன.

"மேடம், தள்ளுங்க!"

அவள் நகரவில்லை. பழுப்பு தொடங்கும் மூன்றாவது கோட்டில், முதுகைக் கொடுத்து வேலியோடு ஒட்டி நின்றாள். மூன்றாவது கட்டமும் போயிற்று. பிளேடின் காற்று அவள் தோளில் பட்டது. ஒரு சாண் தூரத்தில் மெஷின் நின்றது.

உருவம் வலையைத் தூக்கியது. உள்ளே வியர்த்து வெளிறிய ஒரு முகம். ஆள் குள்ளம்.

"சாவறதுக்கு வேற இடம் கிடைக்கலையாக்கா?"

"நீங்கதானே ஏணி? இந்த வேலியை வெட்டச் சொல்லி எப்ப உத்தரவு வந்துச்சு?"

"பத்து நிமிஷம் முன்னாடி." அவன் பால்கனிகளை நிமிர்ந்து பார்த்தான். "நகருங்கக்கா. எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

"நெட்டைக்கும் வீட்டுல ஆள் இருக்காங்க. நாலாவது வரியில என்ன எழுதினீங்க?"

ஏணி காதடைப்பானைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். சொல்லக் கூடாது என்றுதான் அவன் முகம் சொன்னது. ஐந்து நாளாக உள்ளே கிடந்து அழுகியது வாய் வழியாக வந்துவிட்டது.

"'இது மெஷின் இல்ல, சனியன்'னு எழுதச் சொன்னாரு. வெட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. எங்க பழைய பெட்ரோல் மெஷின். விசையை விட்டாலும் பிளேடு நிக்காது. ரெண்டு மாசமா சொல்றோம். பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் குடியிருக்கறவங்களுக்குத் தெரியட்டும், அதையும் அஞ்சடி ஓட்டுன்னு முதலாளி சொன்னாரு."

"கிளட்ச் ஸ்பிரிங் உடைஞ்சிருக்கும்," என்றார் பிளக்கு. "சின்ன வேலை. ஒரு மணி நேரத்துல மாத்தியிருக்கலாம்."

"அப்ப மாமன் மச்சான் சண்டை?"

"அதே சனியனாலதான். அதைத் தொடாதே மாமான்னு அவன் கத்துவான். நான் தொடலைன்னா உன் கையில குடுப்பாங்கடான்னு இவரு கத்துவாரு. அதுல பேச்சு நின்னுபோச்சு. டேப்பு அவன் கைக் கொப்புளத்துக்குச் சுத்திக்கறது. முதலாளி அவன்கிட்டதான் கேட்டு வாங்கினாரு, எதுக்குன்னு தெரியாம குடுத்தான்."

"அந்தப் பெட்ரோல் மெஷின் இப்ப எங்க?"

ஏணி அவளை விசித்திரமாகப் பார்த்தான். "என்னைக் கேக்கறீங்களா? உங்க வண்டியிலதானே ஏத்தினாங்க."

"எந்த வண்டி?"

"கேட்டுகிட்ட நிக்குதே, அந்த வெள்ளை வேன். அன்னிக்குச் சாயங்காலமே ஒருத்தர் வந்தாரு. விரலை ஆட்டி ஆட்டிப் பேசுவாரு. பிளாஸ்டிக் சாக்குல சுத்தி நான்தான் தூக்கி வெச்சேன்."

பிளக்கு மெதுவாகக் கேமராவை இறக்கினார்.

"பேத்தி பிறந்தநாளு, பலூன் ஏத்தணும்னு பெரிய சார்தான் சாவி வாங்கினாரு மேடம். மறுநாள் வண்டி முழுக்கப் பெட்ரோல் வாடை. டேங்க் ஒழுகுதுன்னு அரை நாள் அடியில படுத்துக் கிடந்தேன்." தலையில் அடித்துக்கொண்டார். "வேலி பயிரை மேயும்னு சொல்வாங்க. நான் சாவியைக் குடுத்துல்ல மேய விட்டிருக்கேன்."

அவள் ஏணியிடம் சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்கவில்லை. கேட்டால் அவன் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அவனே தன் மெஷினை அணைத்துத் தரையில் வைத்தான்.

"ஸ்டார்ட் ஆகலைன்னு சொல்லிக்கறேன். அரை மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல வேற ஆளு வருவான்."

அலுவலகத்துக்குப் போகும் வழியில் பிளக்கு வண்டியை விரட்டினார். கடைசித் திருப்பத்தில்தான் கேட்டார். "போலீசுக்குப் போன் பண்ணிடலாமே மேடம்?"

"அவங்க கிளம்பி வர்றதுக்குள்ள அது பழைய இரும்பாயிடும். அஞ்சு நாளா ரெக்கார்டு ரூம் சாவியைப் பெரிய சார் தன்கிட்டயே வெச்சிருக்கார், அது அங்கதான் இருக்கணும்ணே. அந்தப் பூட்டை உடைக்க முடியுமா?"

"பூட்டு எதுக்கு? கீல் ஆணி வெளிப்பக்கம்தான் இருக்கு. எனக்கு ஆறு நிமிஷம் குடுங்க."

பெரிய சார் அவளுக்காகக் காத்திருந்தார். மேசைமேல் அறிக்கை அடித்துத் தயாராக இருந்தது. கீழே அவள் பெயர், அதற்கு மேல் கையெழுத்துக்கான வெற்றிடம்.

"உக்காரும்மா. கான்ட்ராக்டர் போன் பண்ணாரு. கேக்காதேன்னு சொன்னதைக் கேட்டியாமே?"

"கேட்டேன்."

"சரி, விடு. சின்ன வயசு." அவர் குரலில் கோபமே இல்லை. "செத்தவன் திரும்பி வரப்போறதில்ல. தம்பிக்காரனுக்கு நல்ல வக்கீலா நானே பாத்துத் தரேன். இந்த ஆபீஸ்ல பாதி வேலை அந்தக் கான்ட்ராக்டரால வருது. உன்னைப் படிக்க வெச்சவரை நினைச்சுப் பாரு. கையெழுத்துப் போடு."

"அந்தச் சனியன் எங்க சார்?"

பெரிய சார் விரலை ஆட்டவில்லை. வண்டிப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, அவள் பக்கம் திருப்பி வைத்தார். வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. வண்டி எடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அவளுடைய கையெழுத்து மாதிரியே சாய்த்து எழுதியிருந்தது.

"அது எங்க இருந்து கிடைச்சாலும், கொண்டுவந்து ஒளிச்சு வெச்சது நீதான்," என்றார். "யோசிச்சுக்கோ. படிச்ச பொண்ணு."

வெளித் தாழ்வாரத்தில் ஏதோ மரக்கதவு முனகியது. அவர் தலையைத் திருப்பப் போனார்.

"யாரு எழுதினது சார்? நீங்களேவா? என் பேர்ல 'யா' அழகா வந்திருக்கு," என்று அவள் புத்தகத்தின் மேல் குனிந்தாள். அவர் மறுபடி அவள் பக்கம் திரும்பினார். அவள் பக்கத்தைப் புரட்டினாள், மெதுவாக, இன்னொரு பக்கம், இன்னொரு பக்கம். முனகல் நின்றது. கதவு தரையில் உரசும் சத்தம் கேட்டது.

அவள் அறிக்கையை எடுத்து நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். வண்டிப் புத்தகத்தையும் சேர்த்து.

"அதை எங்க எடுத்துட்டுப் போற?"

அவள் வெளியே வந்தாள். கீலோடு பெயர்ந்த கதவு சுவரில் சாய்ந்திருந்தது. பிளக்கு சாக்கு மூட்டையைத் தூக்க முனைந்துகொண்டிருந்தார். உள்ளிருந்து ஆயில் கலந்த பெட்ரோலின் இனிப்பான, குமட்டும் வாடை.

"விடுங்கண்ணே. நான் தூக்கறேன்."

"கனம் மேடம்."

"என் பேர்லதானே இருக்கு."

பெரிய சார் கதவருகே வந்து நின்றார். அவர் குரல் இப்போதுதான் உடைந்தது. "நில்லு! அதோட ஸ்டேஷனுக்குள்ள காலை வெச்சா முதல்ல உன்னைத்தான் உள்ள வெப்பாங்க."

"தெரியும் சார். பிளாஸ்டிக் சாக்குல இருக்கற உங்க கைரேகை கலையாமத் தூக்கணும், அவ்வளவுதான்."

மூட்டையை அடியில் கை கொடுத்துத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. படி இறங்கும்போது சாக்கைத் துளைத்துக்கொண்டு வந்த ஒரு பல் அவள் முன்னங்கையில் கீறியது. அவள் பிடியை மாற்றிக்கொண்டாள். வேகத்தைக் குறைக்கவில்லை.